மெஷின்ல ஒரு குத்தமும் இல்லீங்க அம்மிணி

மெஷின் தட்டுல இருக்கற அந்தக் கறையைத்தானே பாக்கறீங்க? அது எலுமிச்சம்பழம்ங்க அம்மிணி. உக்காருங்க, சொல்றேன். சேர்ல கெடக்கற துணியை அக்கட்டால போட்டுட்டு உக்காருங்க. பல்லடத்துல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? உங்க ஊட்டுக்காரர் வரலீங்களா? துணில படம் அடிக்கற மெஷின் வாங்கற சமாச்சாரம், ஆம்பள ஒருத்தர் கூட வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். சரி, போச்சாது. நான் இருக்கறேன், எல்லாம் நானே சொல்லித் தர்றேன்.

புது வண்டி வாங்கினா என்ன பண்ணுவோம்? பூசை போட்டு, டயருக்கு அடியில பழத்தை வெச்சு ஏத்துவோமில்லீங்களா? இதுக்கு டயர் கெடையாது. ஆனாலும் பொழப்பை இழுத்துட்டுப் போற வண்டிதானே இதும்? அதனால பழத்தை இந்தத் தட்டுல வெச்சு, மேல் பிளேட்டு நல்லா சூடானதும் கைப்புடியைப் புடிச்சு ஒரே அமுக்கு. இருநூறு டிகிரி. சொய்ங்குனு ஒரு சத்தம், ஊடு பூரா புகை. பக்கத்து ஊட்டம்மா, ரசம் தீஞ்சு போச்சான்னு கேட்டுட்டு ஓடி வந்துட்டாங்க. என்ற ஊட்டுக்காரி தமயந்தி தலையில கைய வெச்சுட்டு நின்னா. நான் சொன்னேன், ‘கண்ணு பட்டது பூரா கழிஞ்சுது போ’ன்னு. அந்தக் கறைதானுங்க அது. சூடேறுனா லேசா ஊறுகாய் வாசம் வரும், பயந்துக்காதீங்க. மத்தபடி மெஷின்ல ஒரு குத்தமும் இல்லீங்க அம்மிணி.

ஏன் விக்கறேன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். நான் ஒளிவு மறைவு தெரியாத ஆளு, உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடறேன்.

என்ற பேரு அவினாசியப்பன். இந்தத் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில இருபத்தாறு வருசம் செக்கிங்ல இருந்தவன். கண்ணைக் கட்டிட்டு ஒரு துணியைக் கையில குடுங்க. நூல் எப்படி, கனம் எவ்வளவு, ஓட்டை எந்த மூலையில, அத்தனையும் சொல்லிப்போடுவேன். என்ற கையில எத்தனை ஆயிரம் பீஸ் ரிஜெக்ட் ஆகியிருக்குதுன்னு கணக்கே இல்லை. மொதலாளி மகன் படிச்சுட்டு வந்து புதுசா ஒரு மாடல் தெச்சுக் கொண்டாந்து காட்டினான். அதையும் ரிஜெக்ட் பண்ணினேன். அது நடந்து ஆறு மாசத்துல என்னையே ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ரெண்டுக்கும் சம்பந்தமில்லீங்க. ஆர்டர் கொறைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க.

ஊட்டுல சும்மா உக்காந்திருக்கறது இருக்குது பாருங்க, அது மாதிரி ஒரு கொடுமை வேற இல்லை. காத்தால எட்டு மணிக்குக் கம்பெனி வேனு இந்தத் தெரு வழியாத்தான் போகும். ஹாரன் அடிப்பான். எனக்கு அடிக்கறதில்லை, எதுத்த ஊட்டுப் பொம்பளைக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டா நான் பாட்டுக்கு எந்திரிச்சுச் செருப்பைத் தேடுவேன். உள்ளதைச் சொல்றேனே, ரெண்டு நாளு பாத்ரூம்ல போயி அழுதேன்.

அப்பத்தான் எங்க பாப்பா, சிந்துஜான்னு பேரு, ஒரே பொண்ணு, செல்லுல ஒரு வீடியோவைக் காட்டுச்சு. ‘அப்பா, சப்ளிமேஷன் பிரிண்டிங்னு ஒண்ணு இருக்குது. ஊட்டுல ஒரு ரூம் இருந்தாப் போதும்’னு. பேப்பர்ல ஒரு மை வெச்சுப் போட்டோ அடிக்கறது, அந்தப் பேப்பரைத் துணி மேல கவுத்துப் போட்டு இந்த மெஷின்ல அம்பது செகண்டு அமுக்கறது. சூட்டுல மை ஆவியாப் போயி துணிக்குள்ள உக்காந்துக்குமாமா. எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. அடுத்த தை மாசமே மெஷின் வாங்கி, பிரிண்டர் வாங்கி, வாசல்ல போர்டு மாட்டிட்டேன். அவினாசியப்பன் டிஜிட்டல்ஸ். உள்ள வரும்போது பாத்திருப்பீங்களே. தமயந்தி இப்ப அது மேல கொடி கட்டித் துணி காயப் போடறா, அதனால தெரிஞ்சிருக்காது.

நான் உங்களுக்கு ஒரு புத்தி சொல்றேன் அம்மிணி. புதுசாத் தொழில் தொடங்கறீங்க, கேட்டுக்கங்க. வீடியோவுல சொல்றதை எல்லாம் நம்பாதீங்க. அந்த வீடியோக்காரப் பையன், மீசைகூட ஒழுங்கா மொளைக்காத பையன், அவன் மூணு தடவை சொல்றான், ‘பாலியஸ்டர்ல மட்டுந்தான் நிக்கும், பருத்தில நிக்காது’ன்னு. யாருகிட்ட சொல்றான்? திருப்பூர்க்காரன்கிட்ட! இருபத்தாறு வருசம் பருத்தியைத் தொட்டுத் தொட்டு ரேகை அழிஞ்ச கை இது. பாலியஸ்டரைக் கட்டினா ஒடம்பு அரிக்கும், வேர்க்குரு வரும், தீப்பட்டா உருகி ஒட்டிக்கும். அதை ஒரு துணின்னு நான் சொல்லவே மாட்டேன்.

தமயந்தி சொன்னா, ‘ஏனுங்க, அந்தப் பையன் சும்மாவா மூணு தடவை சொல்றான்?’ன்னு. பாப்பாவும் சொல்லுச்சு, ‘அப்பா, அந்த மை பிளாஸ்டிக் நூலுக்குள்ளதான் போயி உக்காருமாமா, பருத்திக்குள்ள போகாதாமா’ன்னு. நான் ஒரே வார்த்தை கேட்டேன்: ‘நீங்க ரெண்டு பேரும் எத்தனை வருசம் செக்கிங்ல இருந்தீங்க?’ தமயந்தி அடுப்படிக்குப் போயிட்டா, பாப்பா செல்லை எடுத்துட்டு உள்ள போயிருச்சு. ஞாயம்னா எதுத்துப் பேச முடியாது பாருங்க.

சும்மா ஒண்ணும் எறங்கலீங்க. நல்ல சுத்தமான காட்டன் பனியன்ல சாம்பிள் ஒண்ணு அடிச்சேன். முருகன் படம். கொஞ்சம் வெளுப்பாத்தான் வந்துச்சு. ஆனா பருத்தின்னா அப்படித்தான், கண்ணை உறுத்தாது. தமயந்தி வாளியைத் தூக்கிட்டு வந்து, ‘ஒருக்கா தொவைச்சுப் பாத்துரலாமுங்களா?’ன்னா. எனக்கு வந்துச்சே கோவம்! மொதல் சாம்பிளு, அதும் முருகன் படம், அதைப் போயி யாராச்சும் கும்மித் தொவைப்பாங்களா? பூசை ரூம்ல மாட்டிட்டேன். இப்பவும் அங்கயேதான் இருக்குது, கலர் ஒரு துளி மங்கலை. வேணும்னா வந்து பாருங்க. தொடாதீங்க.

இப்ப என்ற மச்சான் கதைக்கு வர்றேன். தமயந்திக்கு மூத்தவரு, சென்னியப்பன்னு பேரு. பக்கத்து ஊருல தோட்டம் தொரவுன்னு வசதியான ஆளு. மீசை மட்டும் ரெண்டு பேருக்குப் பங்கு வெக்கலாம். அவங்க ஊரு மாரியாத்தா கோயில் நோம்பித் திருவிழா பங்குனில. கோயில் கமிட்டித் தலைவருக்கு இந்தத் தடவை அவரு நின்னாரு. நோம்பிக்குக் கோயில் முன்னால நட்ட கம்பத்தைச் சுத்தி ஆடற பசங்க அறுபது பேருக்கும் இவரு செலவுல பனியன் எடுத்துக் குடுக்கறதுன்னு முடிவு. முன்னால அவரு கும்பிட்ட மாதிரி படம், பின்னால ‘உபயம்: சென்னியப்பன்’. வேற எவன்கிட்டயும் போகாம எங்கிட்ட வந்தாரு பாருங்க, அது பெரிய மனசுதான், அதை நான் மறுக்கலை. ‘மாப்ளை, முதல் ஆர்டர் என்னுதா இருக்கட்டும்’னு வெத்தலை பாக்கோட வந்து குடுத்தாரு.

நான் சும்மா இருப்பனா? ஒண்ணாம் நம்பர் காட்டன் எடுத்தேன். அறுபது பனியன், அறுபது மச்சான். இந்தக் கையால ஒவ்வொண்ணா அமுக்கி எடுத்தேன். பாத்துட்டு, ‘என்ன மாப்ளை, சீக்காளியாட்ட வெளுத்துக் கெடக்கறேன்?’ன்னாரு. ‘மச்சான், பாலியஸ்டர்ல அடிச்சா பளபளன்னு சினிமா போஸ்டராட்ட இருக்கும். காட்டன்ல அடிச்சாத்தான் கவுரவம்’னேன். கவுரவம்னு சொன்னதும் மீசையைத் தடவிட்டுக் கெளம்பிட்டாரு.

மொத நாளு ஆட்டம் பிரமாதம். தப்பட்டை அடிக்க அடிக்க அறுபது மச்சானும் கம்பத்தைச் சுத்திக் குதிக்கறாரு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. பக்கத்துல நின்ன ஆளுகிட்ட, ‘நம்ம கம்பெனி வேலைதானுங்க’ன்னு சொன்னேன். அந்த ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நானும் ஒரு மொதலாளின்னு இருந்தேன் அம்மிணி. பொய் சொல்லலை, அன்னைக்குச் சோறே எறங்கலை, அத்தனை சந்தோசம்.

பொழுதோட பசங்க ஊட்டுக்குப் போயி, அவங்கவங்க அம்மாகிட்டப் பனியனைத் தொவைக்கப் போட்டிருக்கறாங்க. மூணு நாளு ஆட்டத்துக்கும் அதே பனியன்தானே. காத்தால வந்து நிக்கறாங்க. அறுபதும் வெள்ளை வெளேர்னு. மச்சானைக் காணோம். கும்பிட்ட கையைக் காணோம். மீசை மட்டும் அங்கங்க லேசா ஒட்டிட்டு நிக்குது. ஊரே சிரிக்குது. ‘சென்னியப்பன் வரலை, மீசையை மட்டும் தாட்டி அனுப்பி உட்டிருக்கறாரு’ன்னு ஒருத்தன் சொல்றான். எதுத்துப் போட்டி போட்ட ஆளு இருக்கறானே, அவன் கோயில் வாசல்ல நின்னுட்டு, ‘ஒரு தொவைக்கு நிக்காத மூஞ்சி மூணு வருசம் பதவில நிக்குமா?’ன்னான். அது அப்படியே ஊரு பூரா பத்திக்கிச்சு. கமிட்டிக்கு ஓட்டுப் போட்டாங்க, மச்சான் தோத்துட்டாரு.

இதுல என்ற தப்பு என்ன இருக்குது, நீங்களே சொல்லுங்க? அந்த ஊருத் தண்ணி உப்புத் தண்ணி. அங்கத்துப் பொம்பளைங்க தொவைக்கற கல்லு ஆட்டாங்கல்லாட்ட சொரசொரன்னு இருக்குது. அது மட்டுமில்லீங்க, கேளுங்க. மூணாம் நாளு மஞ்சத்தண்ணி நோம்பி. மொறைக்காரங்க ஒருத்தர் மேல ஒருத்தர் குடம் குடமா மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க. அந்தப் பனியன்ல மஞ்சள் எப்படிப் புடிச்சுது தெரியுங்களா? இன்னைக்கு வரைக்கும் போகலையாமா! துணில குத்தம் இருந்தா மஞ்சள் மட்டும் எப்படிங்க புடிக்கும்? இதை மச்சான்கிட்டயே கேட்டேன். அன்னைக்கு எந்திரிச்சுப் போனவருதான், இந்த ஊட்டுப் படி மிதிக்கலை.

சித்த மெதுவாப் பேசிக்கறேன், தமயந்தி அடுப்படில இருக்கறா.

வர்ற வைகாசி எட்டாந்தேதி பாப்பாவுக்குக் கல்யாணம். எங்க பக்கம் உங்களுக்குத் தெரியாததா அம்மிணி? தாய்மாமன் சீரோட வந்து, பொண்ணு கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரோணும். தாய்மாமன் உசுரோட இருந்தும் வரலீன்னா சம்மந்தி ஊட்டுல என்ன நெனைப்பாங்க? மச்சான் ஆள்கிட்ட சொல்லி உட்டிருக்கறாரு: ‘மாப்ளை என்ற வாசலுக்கு வந்து, தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பணம் வேண்டாம், காசு வேண்டாம். சீரைத் தூக்கிட்டு மொத ஆளா வந்து நிக்கறேன்.’

நான் போனேங்க. போகாம இல்லை. போயி, ‘மெஷின் கோளாறாப் போச்சுங்க மச்சான்’னு சொன்னேன். அவரு மாட்டுக்குத் தண்ணி எடுக்கப் போயிட்டாரு. நானும் மாடும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு நின்னோம்.

நேத்து பாப்பா பத்திரிகையைக் கையில வெச்சுட்டு, தாய்மாமன் பேரு போட்ட எடத்தை வெரல்ல தடவிட்டு உக்காந்திருந்துச்சு. எங்கிட்ட ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாக்கூட ஏதாச்சும் சொல்லித் திட்டியிருப்பேன். எனக்கு அங்க நிக்க முடியலை, கடைக்குப் போற மாதிரி வெளிய போயிட்டேன்.

அதுக்குத்தான் ஒரு ரோசனை பண்ணினேன். மெஷினை வித்துட்டா பழியும் அதோட போயிரும். ‘மச்சான், கோளாறு புடிச்ச மெஷினைத் தாட்டி உட்டுட்டேன், வாங்க’ன்னு சொல்லிக்கலாம். தமயந்தியும் சரின்னுட்டா. அவதான் செல்லுல வெளம்பரம் போட்டு, உங்ககிட்டப் பேசினதும் அவதான். நான் எங்க மச்சான்கிட்டக் கோளாறுன்னு சொன்னது அவருக்காகச் சொன்னது, நீங்க அதை மனசுல வெச்சுக்காதீங்க. உங்களுக்கு நான் சொல்றதுதான் நெசம். மெஷின்ல ஒரு குத்தமும் இல்லை.

என்னங்க, ஓட்டிப் பாக்கோணுமா? தாராளமா. சுச்சைப் போடறேன். சூடேறட்டும்.

பிரிண்டரை எதுக்குத் தட்டி எழுப்பறது, அன்னைக்கு அடிச்சு மிஞ்சின பேப்பர் ரெண்டு கெடக்குது. மச்சான் படந்தான். பாத்தீங்களா மீசையை? பனியன் ஒண்ணு எடுக்கறேன்... துணி நீங்களே கொண்டாந்திருக்கறீங்களா? பையில இருந்து எடுங்க, பாக்கலாம்.

அய்ய, இது பாலியஸ்டர்ங்க அம்மிணி. தொட்டாவே தெரியுது. இதுல போயி... சரி, உங்க துணி, உங்க இஷ்டம். இப்படி விரிங்க. பேப்பரைக் கவுத்துப் போட்டாச்சு. அமுக்கறேன். அம்பது செகண்டு. வாசம் வருதுங்களா? அதுதான் எலுமிச்சம்பழம்.

இப்ப எடுக்கலாம். பேப்பரை மெதுவா உரிங்க.

...

சட்டைப் பாக்கெட்டுல பேனா இருக்குது. மச்சான் பாக்கெட்டுல பேனா வெச்சிருந்தாருன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். நெத்தியில குங்குமம் செவசெவன்னு... ஆளு அப்படியே எந்திரிச்சு வந்து திட்டுவாராட்ட இருக்குதே.

சூட்டுல அப்படித் தெரியும்ங்க. ஆறுனாப் போயிரும். தொவைச்சா நிக்காது. இந்தத் துணியைப் பத்தி எனக்குத் தெரியாதா?

நீ எதுக்கு தமயந்தி வாளியோட நிக்கறே? யாரு உன்னையக் கூப்பிட்டா? சோப்பு வேறயா? அம்மிணி, நீங்க விருந்தாளி, நீங்க எதுக்குத் தொவைக்கறீங்க, உடுங்க. மெதுவாத் தேயுங்க. ஏன், தேய்க்கற பிரஷ்ஷும் கொண்டாந்திருக்கறாளா! தேய் தேய்னு தேய்க்கறீங்க, அவரு மூஞ்சி என்ன அடிபுடிச்ச சட்டியா?

அலசுங்க. பிழிஞ்சு விரிங்க.

சிரிக்கறாரு பாருங்க மச்சான். ஒரு மயிருகூடக் கொறையலை மீசையில.

இவ்வளவுதானா? துணியை மாத்தியிருந்தா முடிஞ்சு போயிருக்குமா? அறுபது பனியன், ஊருச் சிரிப்பு, பாப்பா கண்ணு கலங்கினது, எல்லாம் இந்த அரிக்கற துணிக்கா?

சித்த கிட்ட வாங்க அம்மிணி. தமயந்தி தண்ணியைக் கொட்டறதுக்கு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயிருக்கறா. எனக்கு ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. அவ வந்ததும், ‘மெஷின்ல ஒரு கோளாறு இருந்துச்சு, நான் இப்பத்தான் சரி பண்ணினேன்’னு சொல்லிப்போடுங்க. சொன்ன வெலைல பாதி குடுங்க, போதும். கால்வாசி குடுங்க. மெஷினுக்கு என்னங்க, அதுக்கு மானமா, ரோசமா?

என்ன சொல்றீங்க? போன்லயே சொல்லிட்டாளா? என்னன்னு?

‘எங்க ஊட்டுக்காரர் மெஷின்ல கோளாறுன்னு சொன்னாலும் நம்பாதீங்க, வெலையைக் கொறைச்சுக் கேக்காதீங்க. வரும்போது பாலியஸ்டர்ல ஒரு துண்டு கொண்டாங்க, அவரு முன்னாலயே ஓட்டிப் பாருங்க’ன்னா?

துண்டு கொண்டாரச் சொன்னதே இவளா!

வா தமயந்தி. வா. எல்லாம் கேட்டுட்டுத்தான் நின்னியா? பேசாம நிக்காதே, ஏதாச்சும் திட்டு. பங்குனில இருந்து நீ ஒரு வார்த்தை திட்டலை, அதுதான் எனக்கு ஒறக்கம் வரலை.

சரி. இருங்க அம்மிணி, பஸ் வருது போகுது. நீங்க முன்ன பின்ன தெரியாதவங்க, மெஷினை எடுத்துட்டுப் போயிட்டா மறுக்கா என்ற மூஞ்சில முழிக்கப் போறதில்லை. உங்ககிட்ட ஒருக்கா சொல்லிப் பாத்துக்கறேன். நீங்கதான் மச்சான்னு வெச்சுக்கங்க. வாசல்ல நிக்கறீங்க. நான் வர்றேன், கும்பிடறேன்.

மச்சான், அது என்னன்னா, அந்த வீடியோக்காரப் பையன் இன்னும் கொஞ்சம் வெவரமா...

இல்லை இல்லை. மொதல்ல இருந்து வர்றேன்.

மச்சான், தப்பு எங்க கம்பெனியோடதுங்க.

சொல்லிட்டேன், பாத்தீங்களா? என்ன தமயந்தி? கம்பெனில எத்தனை பேரா? நான் ஒருத்தன்தான். அது உனக்குத் தெரியாதா?

மறுக்காவா? அம்மிணி முன்னாலயேவா?

மச்சான். தப்பு என்னுதுங்க.

இப்ப எதுக்கு நீ அழுவறே? இன்னும் உங்கண்ணன் ஊட்டுக்கே போகலையே தமயந்தி.